அசலா, போலியா?

இரண்டாம் உலகப் போரின்போது தோட்டாக்களுக்கும் மின்கம்பிகளுக்கும் செம்பு ஏராளமாகத் தேவைப்பட்டது. எனவே அமெரிக்கா 1943-ஆம் ஆண்டில் ஒரு சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட்டது. ஆனால் முந்தைய ஆண்டில் மீந்த செம்புத் தகடுகள் சிலவும் தவறுதலாக இயந்திரத்தில் புகுந்துவிட்டன. '1943' என்று பொறித்த அந்தச் செம்புக் காசு ஒன்று இன்று பல இலட்ச ரூபாய் பெறும். விலை ஏறினால் போலிகள் வராமலிருக்குமா?

முதல் வகைப் போலி, எஃகுக் காசின் மேல் செம்பு முலாம் பூசியது. காந்தத்தை அருகே கொண்டு சென்றால் ஒட்டிக்கொள்ளும். உண்மையான செம்புக் காசு ஒட்டாது. எடையும் காட்டிக்கொடுக்கும். எஃகுக் காசு சுமார் 2.7 கிராம், செம்புக் காசு 3.11 கிராம்.

இரண்டாவது வகை தந்திரமானது. 1948-ஆம் ஆண்டின் செம்புக் காசில் 8-இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கிவிடுவார்கள். இதனிடம் காந்தமும் தராசும் தோற்றுவிடும். பூதக்கண்ணாடியே துணை. உண்மையான 1943-இல் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே நீண்டிருக்கும். 8-இலிருந்து பிறந்த 3-க்கு அந்த வால் இராது.

மாணவர்களே, ஒரு சோதனையில் தேறியது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது. காந்தம் விட்டதைக் கண் பிடிக்கும்.