கைத்தொலைபேசியில் தமிழ்: செல்லினம் காட்டும் வழி

அச்சுக்கூடம் உடையோரே நூல் வெளியிடலாம் என்றிருந்த காலம் போய், ஒரு கணினியும் ஓயா உழைப்பும் உடைய எவரும் தாம் ஆக்கியதைப் பல்லாயிரவர் கையிற் சேர்ப்பிக்கலாம் என்னும் காலம் வந்துள்ளது. கைத்தொலைபேசிக்கென இவ்வாறு ஆக்கப்படும் மென்பொருளைச் செயலி என வழங்குகின்றோம். (1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய நம் விபுலாநந்த அடிகள் இச்சொல்லை ஏற்றிருப்பாரோ என்று நாம் எண்ணுவதுண்டு.) படுவான்கரை உழவரும் வாவி மீனவரும் வழங்கும் சொற்கள் முதியோருடன் மறைந்து வருகின்றன. அவற்றைத் திரட்டிச் செயலியாக வெளியிட நம் மாணவர் சிலர் விழைகின்றனர். அவர்க்கு உதவுமாறு, முன்னே இவ்வழி நடந்த ஒருவரின் முயற்சியை ஈண்டு நோக்குவாம்.

மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே கணினிக்குத் தமிழ் மென்பொருள் ஆக்கி வந்தவர். அவர் ஆக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்புதல் அதன் நோக்கம்.

கேட்க எளிதாய்த் தோன்றும் இதில் எத்துணை இடர் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு குறுஞ்செய்தி கொள்ளும் அளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்து 7 பிட்டில் அடங்குதலின் 160 எழுத்து அனுப்பலாம். யுனிகோடு முறையில் அமைந்த தமிழுக்கோ குறியொன்றுக்கு 16 பிட்டு வேண்டும்; ஆகவே 70 இடங்களே கிடைக்கும். அவ்வெழுபதும் எழுபது எழுத்தாகா. 'மட்டக்களப்பு' என்பது இலக்கணப்படி 8 எழுத்துச் சொல். ஆயினும் மூன்று மெய்களின் புள்ளிகளும், ஈற்றிலுள்ள உகரக் குறியும் தனித்தனி இடம் பெறுதலால் அது 12 இடத்தைக் கொள்ளும். தொல்காப்பியம் கற்றவனும் கணினி கற்றவனும் ஒரே சொல்லை எண்ணி வேறு வேறு விடை கூறுவர். இருவர் விடையும் சரியே!

இன்னுமோர் இடர், பெறுவோன் கருவியிலும் தமிழ் எழுத்துரு இருத்தல் வேண்டும் என்பது. இல்லையேல் வெறுங் கட்டங்களே தோன்றும். முதன்முதல் இத்தகைய செயலியைப் பெற்றவனுக்கு எழுதுதற்கு ஆளில்லை. எனவே தனித்தனி ஆட்களை நாடுவதினும், ஒரு வகுப்பையோ ஓர் ஊரையோ ஒருங்கே சேர்த்தலே பயன் தரும் என்பது நம் கருத்து.

கைப்பழக்கம் எளிதில் மாறாது என்பதையும் செல்லினம் உணர்த்திற்று. தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற தமிழ் 99 விசைமுறையையும், ஆங்கில எழுத்தின் ஒலிவழி தட்டும் அஞ்சல் முறையையும் அது ஒருங்கே தந்தது. எது சிறந்தது என வாதிடாது இரண்டையும் அளித்தது அறிவுடைமை.

பிறர் நிலத்தில் வீடு கட்டுவோன் நிலவுடையோன் விதிக்குக் கட்டுப்படவே வேண்டும். ஐபோனில் 2014 வரை வெளியார் விசைப்பலகை பிற செயலிகளுள் நுழைதல் இயலாது. செல்லினத்துள் எழுதிப் படியெடுத்தே பிறவிடத்து ஒட்ட வேண்டியிருந்தது. இதற்கிடையே 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் கருவியிலேயே அவ்விரு தமிழ் விசைமுறைகளையும் அமைத்துவிட்டது. தனி முயற்சியாளனுக்கு இது தோல்வி என்பர் சிலர். தமிழுக்கு வெற்றி என்றே நாம் கொள்வோம்.

நம் மாணவர் அறியவேண்டிய செலவும் உண்டு. ஆப்பிள் கடையில் இடம்பெற ஆண்டுதோறும் 99 டொலர். கூகிள் கடைக்கு ஒருமுறை மட்டும் 25 டொலர். ஆண்ட்ராய்டு புதிதாகுந்தோறும் செயலியையும் புதுப்பித்தல் வேண்டும். வாளாவிருப்பின் புதிய கருவிகளில் அது கிடைக்காது போம். மேலும் 2023 நவம்பருக்குப் பின் தனியாளாய்ப் பதிவு செய்தோர், குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதித்த பின்னரே கூகிள் கடையில் யாவர்க்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். அப்பன்னிருவரும் வகுப்புத் தோழராகவே இருத்தல் வேண்டா. படுவான்கரை வயல்களில் முதிர்ந்தவர் சிலரையும், வாவியில் வலை வீசுவோர் சிலரையும் மாணவர் இப்போதே நாடிச் செல்வாராக.