மூச்சு வாங்குவதற்குத் தூசு மட்டுமா காரணம்?

கோலார் தங்க வயலின் பாலகாட்டில் சுரங்க வேலை பார்த்த பெரியவருக்கு மூச்சு வாங்கினால், பழியைச் சுரங்கத் தூசின்மேல் போட்டுவிடுவது எளிது. பாறைத் தூசைச் சுவாசித்தே பிழைத்த ஊர். பாறைத் தூசால் நுரையீரலைத் தாக்கும் சிலிகோசிஸ் இங்கே தெரியாத நோயல்ல. ஆனால் கோலார் தங்க வயல் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28இல். அன்று ஐம்பதைத் தொட்டிருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவருக்குச் சுகரும் இருந்தால், இதயத்தையும் பார்க்க வேண்டும். சுகருக்கென்று அவர் விழுங்கும் மாத்திரையையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் இதயம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 2007இல் அமெரிக்க இதய மருத்துவர் ஸ்டீவன் நிஸன் அந்த நம்பிக்கையை உலுக்கினார். ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து மாரடைப்பு அபாயத்தை 43 சதவீதம் கூட்டுவதாக அவருடைய பகுப்பாய்வு காட்டியது. 2010இல் இந்தியா அதைத் தடைசெய்தது.

அதே வகையைச் சேர்ந்த பயோகிளிட்டசோன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரைக்குள்ளும் வருகிறது. அது மாரடைப்பைக் கூட்டுவதில்லை. ஆனால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். கால் வீங்கும், பலவீனமான இதயம் திணறும். அந்தத் திணறலைத் தூசுக் கணக்கில் எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. வேறு வகைச் சர்க்கரை மருந்தான சாக்சாகிளிப்டினும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதை 27 சதவீதம் கூட்டியது 2013இல் தெரியவந்தது.

நல்ல செய்தியும் உண்டு. 2015இல் வெளிவந்த ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த சர்க்கரை நோயாளிகள் 7,020 பேர் பங்கேற்றார்கள். எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிட்டவர்களிடம் இதயநோய் மரணம் 38 சதவீதம் குறைந்தது. சர்க்கரையையும் உப்பையும் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து அது. காப்புரிமை முடிந்ததால், அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் 2020 முதலும், எம்பாகிளிஃப்ளோசின் 2025 முதலும் பல இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக மலிவாகக் கிடைக்கின்றன. ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு எட்டாத மருந்து என்று இனி ஒதுக்க முடியாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சுரங்கத்தில் இருந்த வருடங்களோடு கால் வீக்கத்தையும், படுத்தால் மூச்சு முட்டுவதையும் சொல்லுங்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃப்ளோசின் வகை சாப்பிடுபவர்கள், வாந்தி பேதி வந்தாலோ நோன்பிருக்க நினைத்தாலோ, அன்றைய மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் உடனே கேட்டுக்கொள்ளுங்கள்.