சின்ன ஊரில் வாடகை வீடு தேடுகிறீர்களா?

சின்ன ஊர்தானே, வீடு சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கும் சகோதரிகள் மயிலாடுதுறைக்கு வந்து பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் தனி மாவட்டமான பிறகு ஆபீஸ்கள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், கூடவே வாடகையும் ஏறிவிட்டது. என் கணவருக்கு இங்கே மாற்றலானபோது எங்களால் ஒதுக்க முடிந்தது 7,000 ரூபாய்தான். நாங்கள் இருவர், பத்தாவது படிக்கும் பெண், இடுப்பெலும்பு முறிந்து வாக்கர் பிடித்து நடக்கும் மாமியார்.

புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டார். நான் மளிகைக் கடைக்காரரையும் பால்காரரையும் விசாரித்தேன். 'டு லெட்' போர்டு மாட்டுவதற்கு முன்பே அவர்களுக்குத் தகவல் தெரிந்துவிடும். கூறைநாட்டில் மூன்று, திருவிழந்தூரில் இரண்டு வீடுகள் இப்படித்தான் கிடைத்தன.

குறைந்த வாடகை என்றதும் மயங்காமல் முதலில் மீட்டரைப் பாருங்கள். 6,000 ரூபாய் சொன்ன ஒரு பின்கட்டுப் போர்ஷனில் சப்-மீட்டர்தான். யூனிட்டுக்கு 9 ரூபாயாம். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவசம் வீட்டுக்காரர் கணக்கிலேயே போய்விடும். எங்களுக்கு ஆகும் 250 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் மாதம் 1,125 ரூபாய். 6,000 எங்கே, 7,125 எங்கே! ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வருமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

"வீட்டில் யார் யார்?" என்று எல்லோரும் கேட்பார்கள். என்ன ஜாதி என்றும் கூசாமல் கேட்கிறார்கள், அதை என்ன சொல்ல! மாமியாரைப் பற்றிச் சொன்னதும் இரண்டு இடத்தில் முகம் மாறிவிட்டது. ஓர் அம்மாள் வாய்விட்டே சொன்னார்: "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா அப்புறம் யாரும்மா குடி வருவாங்க?"

"அம்மா இருக்கிறதை இப்போ சொல்ல வேணாம். குடி போன பிறகு பார்த்துக்கலாம்" என்றார் என் கணவர். எனக்குச் சம்மதமில்லை. ஒளித்து வைத்துக் குடிபோனால் ராத்திரி அவர் இருமும்போதெல்லாம் நான் பயந்து சாக வேண்டும். ஆறாவது வீட்டில் வாடகை கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் ரிடையர்டு டீச்சர். "எங்கம்மாவும் படுத்த படுக்கையா இருந்தவங்கதான். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வெச்சுத் தரேன்" என்றார். ஓட்டு வீடு, தனி மீட்டர், 6,500 ரூபாய்.

ஆனால் ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைதான். இதைச் சண்டை மாதிரி இல்லாமல் பணிவாக எடுத்துச் சொன்னேன். மூன்றுக்கு ஒத்துக்கொண்டார்.

ஓடு மாற்றுவது அவர் பொறுப்பு, குழாய் ரிப்பேர் எங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொண்டோம். மீட்டர் ரீடிங்கையும் சுவரில் இருந்த விரிசலையும் அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வைத்தேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள். அதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு.