வெளிநாட்டு ஏடிஎம் கேட்கும் கேள்வி: ரூபாயிலா, ஈரோவிலா?

என் தம்பி மகன் முதுகலை படிக்க ஜெர்மனி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஓர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். “பெரியப்பா, நான் மொத்தமே முந்நூறு ஈரோதான் எடுத்தேன். கணக்குல முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல போயிருக்கு. கார்டை யாராவது காப்பி எடுத்துட்டாங்களா?” குரல் நடுங்கியது. கணக்கு விவரத்தை அனுப்பச் சொல்லி, இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். திருட்டு ஏதும் இல்லை. கையில் நிறையப் பணம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால், ஐம்பது ஐம்பது ஈரோவாக ஆறு தடவை எடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் கட்டணம் விழுந்திருந்தது.

வெளிநாட்டில் இந்திய டெபிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் நாலு இடத்தில் பிடித்தம் நடக்கிறது. முதலாவது, அந்த ஏடிஎம்மை வைத்திருப்பவர் வாங்கும் கட்டணம். இரண்டாவது, வெளிநாட்டில் எடுத்ததற்காக நம் வங்கி தடவைக்கு இவ்வளவு என்று வாங்குவது. பல வங்கிகளில் இது 125 முதல் 150 ரூபாய் வரை. மூன்றாவது, அந்நிய நாணயத்தை ரூபாயாக மாற்றுவதற்கு வங்கி போடும் மார்க்அப். பெரும்பாலான சாதாரண கார்டுகளில் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாலாவது, வங்கி வாங்கும் இந்த இரண்டு கட்டணங்களின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி.

கணக்கு எளிதாக இருக்க ஒரு ஈரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவன் போன ஏடிஎம் தடவைக்கு 5 ஈரோ எடுத்தது. ஆக 50 ஈரோ கேட்டால் 55 ஈரோ, அதாவது 5,500 ரூபாய். அதற்கு மார்க்அப்பும் அதன் வரியும் 227 ரூபாய். வங்கியின் கட்டணம் 150, வரியோடு 177. மொத்தம் 5,904. கைக்கு வந்தது 5,000 ரூபாய்ப் பெறுமானம். நூற்றுக்குப் பதினெட்டு போய்விட்டது. ஆறு தடவைக்கும் சேர்த்துக் கூடுதல் செலவு 5,424 ரூபாய். அதே முந்நூறு ஈரோவை ஒரே தடவையில் எடுத்திருந்தால் 1,937 ரூபாயோடு முடிந்திருக்கும். இருப்பு எவ்வளவு என்று வெளிநாட்டு ஏடிஎம்மில் பார்ப்பதற்கும், இருப்பு போதாமல் பரிவர்த்தனை நின்றுபோவதற்கும்கூடப் பல வங்கிகள் தனியாகக் கட்டணம் போடுகின்றன. இருப்பைக் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

தடவைக்கு இவ்வளவு என்ற கட்டணம் சின்னத் தொகையை எப்படித் தின்னும் என்பது தாய்லாந்தில் இன்னும் பச்சையாகத் தெரியும். அங்குள்ள வங்கிகள் 2009-இல் வெளிநாட்டு கார்டுகளுக்குத் தடவைக்கு 150 பாட் என்று வசூலிக்கத் தொடங்கின. பிறகு அது 220 பாட் வரை ஏறியது. ஆயிரம் பாட் எடுத்தாலும் அதே 220, இருபதாயிரம் எடுத்தாலும் அதே 220. கையில் குறைவாக இருப்பவர் குறைவாகத்தான் எடுப்பார். அவருக்குத்தான் சதவீதம் அதிகம். வெளிநாட்டுக் கார்டுக் கட்டணங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இவை தவிர இன்னொரு பெரிய இழப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது. அங்கே நம் சம்மதத்தோடுதான் பணம் போகிறது.

பின் நம்பரைத் தட்டி, தொகையையும் தட்டிய பிறகு திரையில் ஒரு கேள்வி வரும். ‘உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் பற்று வைக்கப்படும், ஏற்கிறீர்களா?’ முந்நூறு ஈரோவும் கட்டணமும் சேர்த்து 33,245 ரூபாய் என்று காட்டும். நமக்குத் தெரிந்த நாணயம், தெரிந்த கணக்கு. எவ்வளவு போகும் என்று இப்போதே தெரிந்துவிட்டதே என்று மனம் சமாதானமாகும். ஆனால் அந்தத் தொகையில் ஒரு ஈரோவுக்கு 109 ரூபாய் போட்டிருக்கிறார்கள். மாற்று விகிதத்தை அந்த ஏடிஎம்காரர் தன் லாபத்தையும் சேர்த்து நிர்ணயித்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விசா அல்லது மாஸ்டர்கார்டு தன் விகிதத்தில் மாற்றியிருக்கும். நம் வங்கியின் மார்க்அப்பையும் அதன் வரியையும் சேர்த்தாலும் 31,760 ரூபாய்தான் ஆகியிருக்கும். மார்க்அப் இல்லாத கார்டு என்றால் 30,500. இந்த முறைக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர். நூற்றுக்கு ஐந்து, எட்டு, சில இடங்களில் பத்துக்கு மேலும் இதில் போகும். ரூபாயில் பற்று வைத்தாலும் நம் ஊர் வங்கிகள் பல, பரிவர்த்தனை வெளிநாட்டில் நடந்தது என்பதற்காக அதன் மேல் தனியாக ஒரு கட்டணம் போடுகின்றன. அப்படியானால் இரண்டு பக்கமும் இழப்பு.

அந்தத் திரையின் வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘அக்செப்ட் கன்வர்ஷன்’ என்று ஒரு பட்டன் பச்சையில் இருக்கும். ‘டிக்ளைன் கன்வர்ஷன்’ என்று இன்னொன்று, பெரும்பாலும் சிவப்பில். டிக்ளைன் என்ற சொல்லைப் பார்த்ததும் பணமே வராது, கார்டு உள்ளே மாட்டிக்கொள்ளும் என்ற பயம் வந்துவிடுகிறது. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். குளிரில் விரல் விறைத்திருக்கும். பச்சையை அழுத்திவிடுவோம். உண்மையில் டிக்ளைன் நிராகரிப்பது நாணய மாற்றத்தை மட்டும்தான். அதை அழுத்தினால் பரிவர்த்தனை உள்ளூர்ப் பணத்தில் தொடரும், நோட்டும் வரும். சில இயந்திரங்கள் ‘நிச்சயமாகவா?’ என்று இரண்டாவது முறையும் கேட்கும். அப்போதும் அதே பதில்தான். கடையிலும் ஓட்டலிலும் கார்டு தேய்க்கும் கருவி இதே கேள்வியைக் கேட்கும். சில சமயம் கடைக்காரர் நம்மைக் கேட்காமலே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிடுவார். கருவியை நம் பக்கம் திருப்பச் சொல்லி, எந்த நாணயம் என்று பார்த்துவிட்டுத்தான் பின் நம்பரைத் தட்ட வேண்டும். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணம். ஜெர்மனி என்றால் ஈரோ, தாய்லாந்து என்றால் பாட்.

இதில் நமக்கு உரிமை இருக்கிறது. டிசிசி வேண்டுமா வேண்டாமா என்பதை கார்டு வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. கேட்காமல் மாற்றியிருந்தால் நம் வங்கி மூலம் சார்ஜ்பேக், அதாவது பணத்தைத் திருப்பித் தரும்படி கோரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, கடையிலோ ஏடிஎம்மிலோ நாணய மாற்றத்தை வழங்குபவர் எல்லாக் கட்டணங்களையும் மாற்று விகிதத்தையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் ஏடிஎம் கட்டணத்தைத் திரையில் காட்டி, விலகிக்கொள்ள வாய்ப்புத் தந்த பிறகுதான் பிடிக்க முடியும். ஆகவே கட்டணத்தைப் பார்த்ததும் பரிவர்த்தனையை ரத்து செய்துவிட்டு அடுத்த தெரு வங்கிக்குப் போவதில் தயக்கமே வேண்டாம். சுற்றுலாப் பயணிகள் கூடும் சதுக்கங்களிலும் ரயில் நிலையங்களிலும், எந்த வங்கியின் பெயரும் இல்லாமல் நிற்கும் தனியார் ஏடிஎம்களைத் தவிர்க்கலாம். அசல் வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் கட்டணம் பெரும்பாலும் குறைவு; கார்டு மாட்டிக்கொண்டால் உள்ளே போய்க் கேட்கவும் ஆள் இருப்பார்.

ஆனாலும் ஒருவர் எத்தனை மாதம்தான் ஊர்க் கார்டையே நம்பிக் காலம் தள்ள முடியும்? குடியிருக்கும் நாட்டில் ஒரு வங்கிக் கணக்கு வந்துவிட்டால் இந்தக் கட்டணங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் விசாவுக்காக 11,904 ஈரோவை முடக்குக் கணக்கில் போடுகிறார். அதிலிருந்து மாதம் 992 ஈரோ விடுவிக்கப்படும். அது வந்து சேர ஒரு சாதாரண நடப்புக் கணக்கு வேண்டும். சொந்தப் பணம் அங்கேயே இருக்கும், எடுக்கத்தான் வழி இருக்காது. அதனால்தான் முதல் சில வாரங்கள் பிள்ளைகள் ஊர்க் கார்டைத் தேய்க்கிறார்கள்.

வெளிநாட்டவர் என்று சொல்லி வங்கி கணக்குத் திறக்க மறுத்தால் அதோடு திரும்பி வந்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 2014-இல் வந்த சட்டம் இது. மாணவர், தொழிலாளர், அடைக்கலம் கேட்டு வந்தவர் எல்லோருக்கும் பொருந்தும். ஈழத்திலிருந்து போய் அடைக்கலம் கேட்டுக் காத்திருப்பவருக்கும் இதே உரிமைதான். ஜெர்மனியில் இதற்கு ‘பாசிஸ்கோன்டோ’ என்று பெயர். 2016 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முழு விண்ணப்பம் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தோடு நிதிக் கண்காணிப்பு அமைப்பான ‘பாஃபின்’ வரை போகலாம். கவுன்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் போவதுண்டு. பாசிஸ்கோன்டோ என்ற அந்த ஒரு சொல்லை அழுத்திச் சொல்லிக் கேளுங்கள்.

வளைகுடாவில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் சம்பளத்தை மின்னணு முறையில்தான் தர வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கணக்கு இல்லாத தொழிலாளிக்குச் சம்பள கார்டு கிடைக்கிறது. அந்தக் கார்டையும் பின் நம்பரையும் மேஸ்திரியிடமோ நிறுவனத்திடமோ கொடுத்துவைப்பது மிகவும் ஆபத்து. சம்பளம் வந்துவிட்டதாகப் பதிவு இருக்கும். எடுத்தது யார் என்று பிறகு நிரூபிக்க முடியாது.

ஊர்க் கணக்கிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போய்க் குடியேறியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது; அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களும் வெளிநாடுவாழ் இந்தியர் (என்ஆர்ஐ)தான் என்று ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. இது பெற்றோருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊருக்கு அனுப்ப என்ஆர்இ கணக்கு வைத்துக்கொண்டால், அதைத் தடையின்றித் திரும்ப எடுத்துப்போகலாம்.

இனி, அவன் பயந்தபடியே கார்டை உண்மையாகவே யாராவது நகலெடுத்திருந்தால்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் இட்ட உத்தரவு இங்கே காப்பாற்றும். நம் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், மூன்றாம் ஆளால் நடந்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் நமக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் தலையில் விழும். அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கை முடிவு செய்யும். புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். பின் நம்பரை நாமே சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. புகார் சொல்லும் நிமிடம் வரை போனதெல்லாம் நம் பொறுப்பு.

மூன்று நாள் என்பது எளிதாகத் தோன்றும். வெளிநாட்டில் அது எளிதல்ல. அங்கே போனதும் புது சிம் வாங்கி, ஊர் சிம்மை டிராயரில் போட்டுவிடுகிறோம். வங்கியின் எஸ்எம்எஸ் அந்த டிராயருக்கு வருகிறது. சில மாதத்தில் ரீசார்ஜ் இல்லாமல் எண்ணே போய்விடுகிறது. ஆகவே ஊர் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். வங்கியில் மின்னஞ்சலையும் பதிந்துவையுங்கள். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியிலேயே திறக்கவும் மூடவும் வசதி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் உத்தரவிட்டது. பயன்படுத்தாத நாளில் மூடி வையுங்கள். நாள் வரம்பையும் தேவைக்கு மட்டும் வையுங்கள்.

பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், இந்தியாவுக்குள் ஐந்து நாளில் திரும்ப வர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது விதி. வெளிநாட்டு ஏடிஎம்முக்கு இந்த விதி செல்லாது. இரண்டு முனையும் இந்தியாவில் இருந்தால்தான். அதனால் அங்கே ஸ்லிப் மிக முக்கியம். ஸ்லிப் வராவிட்டால் திரையையும் இயந்திரத்தின் எண்ணையும் படம் எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றே நம் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். கார்டு நிறுவனங்களின் காலக்கெடு பொதுவாக 120 நாள்தான்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். புகாரை இணையத்திலேயே, எந்த நாட்டிலிருந்தும் பதியலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதை எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘கட்டணம் அதிகம்’ என்று எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். ‘அறிவித்த கட்டணப் பட்டியலில் இல்லாததைப் பிடித்திருக்கிறார்கள்’, ‘சொல்லாமல் பிடித்திருக்கிறார்கள்’, ‘புகாருக்குப் பதில் இல்லை’ என்று தேதியோடு எழுதினால் அது சேவைக் குறைபாடு, விசாரித்தாக வேண்டும்.

தம்பி மகனுக்கு ஆறாவது வாரத்தில் கணக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய வார இறுதியில் பக்கத்து நாட்டுக்குப் போனபோது ஒரு கடையில் கேட்காமலே ரூபாயில் தேய்த்துவிட்டார்கள். அந்த ஸ்லிப்பைப் பத்திரமாக வைத்திருந்தான். இரண்டு மின்னஞ்சல், நாற்பது நாள். வித்தியாசத் தொகை 612 ரூபாய் கணக்கில் வரவானதும் எனக்குப் படம் பிடித்து அனுப்பினான்.