சில்லு பெயர்த்துச் செய்த கருவிகள்

கல்லைக் கல்லால் அடித்து, சில்லுகளைப் பெயர்த்துக் கருவி செய்வது மனிதர் கற்ற மிகப் பழைய கைத்தொழில்களுள் ஒன்று. எல்லாக் கல்லும் இதற்கு உதவாது. அடியின் விசை எப்பக்கமும் சீராகப் பரவும் கெட்டியான கல் வேண்டும். வடதமிழகத்தில் பழைய கற்கால மக்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது குவார்ட்சைட் என்னும் கல்.

அடி விழ வேண்டிய இடம் கல்லின் ஓரம். அங்கே விளிம்புக் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் சில்லு ஒழுங்காகப் பிரியும். உருண்டையான ஆற்றுக்கல்லால் அடித்தால் தடித்த சில்லு வரும். மான்கொம்பு, எலும்பு போன்ற, கல்லைவிட மென்மையான பொருளால் அடித்தால் மெல்லிய சில்லு வரும். பிரிந்த சில்லின் உட்புறத்தில், அடிபட்ட இடத்தை ஒட்டி ஒரு புடைப்பும் அதிலிருந்து விரியும் அலைவரிகளும் தெரியும். சில்லைப் பிரிந்துகொடுத்த தாய்க்கல்லில் அதே அளவுக்குப் பள்ளம் விழும். இத்தகைய பள்ளங்கள் திட்டமிட்டாற்போல் அடுத்தடுத்து அமைந்திருப்பதே மனிதக் கைக்குச் சான்று.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அப்படியொரு கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கமும் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய ஆய்வில், கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை எனத் தெரிந்தது. தாய்க்கல்லை முன்கூட்டியே சீராக்கி, விரும்பிய வடிவில் சில்லு எடுக்கும் லெவல்வா முறை அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாக 2018இல் அறிவிக்கப்பட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்துக்கு அருகே, திருப்பத்தூர் மாவட்டப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்தவை புதிய கற்காலத்தின் வழவழப்பான கோடரிகள். இவ்வகைக் கோடரியும் சில்லு பெயர்ப்பதில்தான் தொடங்கும்: முதலில் உருவம் வரும், பிறகு மேடுகளைக் கொத்திச் சமன் செய்வார்கள், கடைசியில் மணலும் நீரும் விட்டுத் தேய்ப்பார்கள்.

தோல் பதனிடும் வேலைக்கும் சில்லே முதல் கருவி. தோலின் உட்புறத்தில் ஒட்டிய சதையை இன்று தொழிற்சாலைகளில் எந்திரம் நீக்குகிறது. கற்காலத்தில் அது சுரண்டி என்னும் கல்கருவியின் வேலை. தோல் சுரண்டிய கல்லின் விளிம்பு உருண்டு தேய்ந்திருப்பது நுண்நோக்கியில் தெரியும். மழுங்கிய விளிம்பில் சிறு சில்லுகளைத் தட்டியெடுத்தால் கூர் திரும்பும். இப்படி ஒரே சுரண்டி, கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப் போகும்வரை உழைக்கும்.