டாலியின் ஒட்டுப்போட்ட சட்டை

19 வயதில், விடுதி அறையில், ஒரே வாரத்தில் 'அன்னா கரீனினா'வை முடித்தேன். மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த ஆங்கிலப் பதிப்பு. லெவின் வயலில் புல் அறுக்கும் பக்கங்களைத் தள்ளிவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

அப்போது நான் முழுக்க அன்னாவின் கட்சி. விரான்ஸ்கியை நம்பி அவள் வீட்டைவிட்டுப் போனது வீரமாகத் தெரிந்தது. அவளைவிட 20 வயது மூத்த கணவன் கரேனினோ விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருக்கும் அதிகாரி. பீட்டர்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அவனுடைய காதுகளைப் பார்த்து அன்னா திடுக்கிடும்போது நானும் திடுக்கிட்டேன். அண்ணி டாலி? அழுமூஞ்சி. அவ்வளவுதான்.

மறுபடி எடுத்தபோது எனக்கு 36 வயது, இரண்டு குழந்தைகள். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு கணக்கு இடித்தது. டாலியின் கணவன் ஸ்டீவாவுக்கு 34. அவள் அவனைவிட ஒரு வயதுதான் சின்னவள். ஏழு குழந்தைகள் பெற்று இரண்டைப் பறிகொடுத்த அந்தக் 'கிழவி' என்னைவிட இளையவள்!

கரேனினும் மாறிப்போனார் ('அவன்' எப்போது 'அவர்' ஆனான் என்று தெரியவில்லை). விரான்ஸ்கிக்குப் பிறந்த பெண் குழந்தை, தாய் சாகக் கிடக்கும்போது கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. அதைப் பிழைக்க வைப்பது இந்த மனிதர்தான். தொட்டிலுக்கு அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்து, சிவந்து சுருங்கிய அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். 19 வயதில் இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போனேனோ!

டால்ஸ்டாய்க்கே இந்தத் தடுமாற்றம் இருந்தது. 1873-ல் அவர் எழுதத் தொடங்கிய வரைவுகளில் நாயகி அத்தனை கவர்ச்சியானவள் அல்ல; கணவர்தான் இரக்கத்துக்குரியவர். எழுத எழுத அவள் அவரையும் வென்றுவிட்டாள்.

ஆனால் இரண்டாம் வாசிப்பில் என்னை அவள் வெல்லவில்லை. ஆறாம் பாகத்தில், விரான்ஸ்கியின் பண்ணை வீட்டில் வாழும் அன்னாவைப் பார்க்க டாலி போகிறாள். வழியெல்லாம் அவள் மேல் பொறாமை. தனக்கும் அப்படி ஒரு காதல் வந்திருந்தால் என்ன என்றுகூட நினைத்துப் பார்க்கிறாள். அங்கே போனால் பணிப்பெண்ணுக்கு முன்னால் தன் ஒட்டுப்போட்ட இரவு மேல்சட்டையை எடுக்க வெட்கமாக இருக்கிறது. வீட்டில் அந்த ஒட்டுகள்தான் அவளுடைய பெருமை: ஆறு சட்டைக்கு 24 அர்ஷீன் துணி, அர்ஷீன் 65 கோபெக் வீதம் 15 ரூபிளுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டவள். அன்னாவுக்கோ தன் குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அந்த வரியில் நான் அவளைக் கைவிட்டேன்.

அந்த வருஷம்தான் என் சிநேகிதி ஒருத்தி கணவனைப் பிரிந்தாள். எட்டு வயது மகன் அப்பாவிடம். பிறந்தநாளுக்கு ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "நீ போய்க் கொடுத்துடேன், நான் போனா கதவைத் திறக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு ஊரில் இல்லாத வேலையெல்லாம் வந்துவிட்டது. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது முறை, 50 வயதில், ஐந்தாம் பாகத்தில் நின்றுவிட்டேன். அம்மா செத்துவிட்டாள் என்று மகன் செரியோஷாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் பிறந்தநாள் காலையில், முகத்திரை போட்டுக்கொண்டு அன்னா அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். கரேனின் வந்துவிட, பதறி வெளியே ஓடுகிறாள். முந்தின நாள் கடையில் தேடித் தேடி வாங்கிய பொம்மைகள், பொட்டலம் பிரிக்கப்படாமல் அவளுடனேயே திரும்பிப் போகின்றன.

டாலியும் அன்னாவின் வாழ்க்கையை ஏற்கவில்லை. ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாமல் கிளம்பிவிட்டாள். ஆனால் போனாள். விடியுமுன் எழுந்து, லெவினின் குதிரைகளில், ஊரே ஒதுக்கிய பெண்ணைப் பார்க்கப் போனாள். நான் நாலு தெரு தாண்டிப் போகவில்லை.

பிறகு ஒருநாள் சிநேகிதிக்குப் போன் செய்தேன். சட்டையைப் பற்றிப் பேசத் தைரியம் வரவில்லை. "பையன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னைவிட உயரம்" என்றாள். "இப்ப ஞாயித்துக்கிழமை வரான். நீயும் வாயேன்."