சிடி மேலேயே பிரிண்ட் செய்ய எந்த பிரிண்டர் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது பிரிண்டர். திருமண வீடியோ, கோவில் விழா, பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றை டிவிடியில் பதிந்து, அதன் மேலேயே போட்டோவும் பெயரும் அச்சிட்டுத் தர சிலர் விரும்புகின்றனர். பென் டிரைவ், மொபைல் போன் எல்லாம் வந்த பின்னும் எங்கள் நெமிலியில் டிவிடி பிளேயரை விடாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் உள்ளனர். இந்த வேலைக்கு ஏற்ற பிரிண்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஸ்டிக்கர் ஏன் வேண்டாம்?

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் எங்கள் தெருக்காரர், மகளின் திருமண டிவிடியை 40 உறவினர்களுக்குத் தர இருந்தார். "ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாமா தம்பி?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணே" என்றேன். டிவிடி என்பது 0.6 மிமீ தடிமன் கொண்ட இரண்டு தட்டுகளை ஒட்டிச் செய்தது. மேலே ஒட்டிய காகிதம் ஈரத்திலும் வெப்பத்திலும் சுருங்கி விரிந்தால் தட்டு வளையலாம். ஸ்டிக்கர் சற்றே கோணலாக இருந்தாலும், வேகமாகச் சுழலும்போது தட்டு ஆடும். பிய்ந்தால் டிரைவுக்குள் சிக்கும். சிடியில் இன்னொரு ஆபத்து. அதில் தகவல் இருப்பது மேல் பக்கத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கில். ஸ்டிக்கரை உரித்தால் அந்த அடுக்கும் சேர்ந்து வந்துவிடலாம். பால் பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலும் கீறல் விழும்.

முதலில் டிஸ்க், பிறகு பிரிண்டர்

எல்லா டிஸ்க்கிலும் இங்க் ஒட்டாது. "இங்க்ஜெட் பிரிண்டபிள்" என்று குறிப்பிட்டு, மேல் பக்கம் வெள்ளைப் பூச்சு உள்ளவற்றையே வாங்க வேண்டும். சிலவற்றில் நடுவே சுமார் 46 மிமீ வட்டம் வரை பூச்சு இருக்காது. வேறு சிலவற்றில் துளையை ஒட்டி சுமார் 22 மிமீ வரை பூச்சு வரும். பின்னதில் படம் முழுமையாகத் தெரியும்.

இப்போது இந்த டிஸ்க்குகள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஜப்பானின் தையோ யூடென் 2015ஆம் ஆண்டு இறுதியில் டிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது. குறைந்த விலையில் தமிழ்ப் பட சிடிக்களையும் விற்ற நம் நாட்டு மோசர் பேயர், 2018ல் கலைப்பு உத்தரவுக்கு உள்ளானது. எனவே தேவையான டிஸ்க் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பிரிண்டருக்குப் பணம் கட்டுங்கள்.

பிரிண்டரில் பார்க்க வேண்டியவை

1. டிஸ்க் ட்ரே: சாதாரண பிரிண்டர்கள் பேப்பரை வளைத்து இழுப்பவை. அவற்றிலும் லேசர் பிரிண்டரிலும் டிஸ்க்கை நுழைக்கவே கூடாது. டிஸ்க்கைத் தட்டையாக உள்ளே கொண்டு செல்லும் தனி ட்ரே உள்ள மாடல்தான் தேவை.

2. மாடல்: பழைய எப்சன் ஸ்டைலஸ் போட்டோ ஆர்230ல் இந்த வசதி இருந்தது. பின்னர் இங்க் டேங்க் வகையில் எல்800, எல்805, எல்8050 ஆகியவை வந்தன. இவை ஆறு நிற இங்க் கொண்டவை. போட்டோவும் நன்றாக வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ட்ரே உடன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. எந்த நாட்டு மாடல்: அமெரிக்காவில் இருந்து உறவினர் தரும் பழைய பிரிண்டரில் கவனம் தேவை. கேனன் பிக்ஸ்மா ஐபி4200 போன்றவற்றில், மற்ற நாடுகளில் தரப்பட்ட டிஸ்க் பிரிண்டிங் அமெரிக்க மாடலில் தரப்படவில்லை.

4. இடம்: ட்ரே பின்பக்கமாகவும் வெளியே வரும். பிரிண்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எத்தனை டிஸ்க் அச்சிடுவீர்கள்?

இதுதான் முக்கியக் கேள்வி. இங்க்ஜெட் பிரிண்டரை மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் இங்க் உலர்ந்து நாசில் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யவே நிறைய இங்க் செலவாகும். எங்கள் தெருக்காரருக்குத் தேவை ஒருமுறை 40 டிஸ்க் மட்டுமே. அதற்காக பிரிண்டர் வாங்க வேண்டாம், ட்ரே பிரிண்டர் உள்ள ஸ்டூடியோவில் கொடுங்கள் என்றேன். மாதந்தோறும் டிஸ்க்கும், இடையில் போட்டோவும் அச்சிடுபவர்களுக்கே இந்த பிரிண்டர் லாபம்.

எல்805 போன்ற பிரிண்டரின் டிஸ்க் ட்ரே இருக்கும் இடத்தில் வேறு ட்ரே பொருத்தி, ஜெராக்ஸ் கடைகளில் பிவிசி கார்டும் அச்சிடுகின்றனர். தொழிலாகச் செய்ய எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். வெளியில் அச்சிடும் பிவிசி ஆதார் கார்டில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று, 2022 ஜனவரியில் ஆதார் ஆணையமே அறிவித்துள்ளது.

அச்சிடும் முறை

முதலில் வீடியோவைப் பதிந்து, டிவிடி ஓடுகிறதா என்று சோதித்திடுங்கள். விரல் ரேகையோ தூசியோ பட்டால் பிறகு பதிவதில் பிழை வரலாம். அடுத்து ஸ்கேலால் பூச்சின் உள் விட்டத்தையும் வெளி விட்டத்தையும் அளந்து, பிரிண்டருடன் தரப்படும் சாப்ட்வேரில் கொடுத்திடுங்கள். பூச்சைத் தாண்டி அச்சானால் இங்க் உலராமல் கையில் ஒட்டும். நாசில் செக் செய்து, வீணான ஒரு பிரிண்டபிள் டிஸ்க்கில் முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அச்சிட்டபின் வெயிலில் வைக்காமல், நிழலில் ஒரு நாள் உலரவிட்டு உறையில் இடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இன்னும் சற்று நேரம் தாருங்கள்.

மேலே எவ்வளவு அழகாக அச்சிட்டாலும், டிஸ்க்கும் ஒருநாள் கெட்டுப்போகக் கூடியதே. உறவினர்களுக்கு டிவிடி கொடுத்தாலும், அந்த வீடியோவின் நகலை ஹார்ட் டிஸ்க்கில் வைக்க மறவாதீர்கள். பிரிண்டரையும் டிஸ்க்கையும் மீண்டும் வாங்கிவிடலாம். திருமணத்தை மீண்டும் படம் எடுக்க முடியாது.